ஆஸ்ட்ரோவை நிறுத்தி, பிடித்த தொடர்களை மொத்தமாகப் பார்ப்பது எப்படி: தோட்டப்புறத்து வீட்டுக்கு ஒரு முழு வழிகாட்டி

மலேசியாவில் இருக்கும் எங்கள் ஊர்ப் பெயர்ப்பலகையில் 2007-லிருந்து பெஸ்தாரி ஜெயா என்றுதான் இருக்கிறது. பேச்சில் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான். இங்கே எந்தத் தாமானுக்குள் (குடியிருப்புக்குள்) நுழைந்தாலும் சரி, தோட்டத்து வரிசை வீடுகள் பக்கம் போனாலும் சரி, வீட்டுக்கு ஒரு கிண்ணம், அதாவது ஆஸ்ட்ரோவின் சாட்டிலைட் டிஷ், வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். எங்கள் வீட்டில் அது பின்பக்கச் சுவரில் இருக்கிறது. அதிலிருந்து உள்ளே வந்த ஒயரைக் கழற்றி ஒன்றரை வருடமாகிவிட்டது. கிண்ணத்தைத் தாங்கும் இரும்பில் அம்மா துணிக்கொடியின் ஒரு முனையைக் கட்டியிருக்கிறார்.

தமிழ்நாட்டுச் சொந்தங்கள் 'கேபிளைக் கட் பண்ணிட்டீங்களா?' என்று கேட்கிறார்கள். நம் தெருவில் கேபிள் ஓடியதில்லை. 1996-இல் ஆஸ்ட்ரோ வந்த நாளிலிருந்து நமக்குக் கட்டண டிவி என்றால் கிண்ணம்தான். அதை நிறுத்தியதிலிருந்து ஆலையில் கூட வேலை செய்பவர்கள், கோயில் கமிட்டிக்காரர்கள், பக்கத்து வீட்டு அக்கா என்று ஆளாளுக்கு வந்து எப்படிச் செய்வது என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தே தாரிக் வாங்கிக் கொடுத்து விளக்குவதை விட ஒரே தடவையாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். முதல் முயற்சியில் நான் படுதோல்வி. உற்சாகத்தில் முதல் வேலையாகச் சந்தாவை நிறுத்தினேன். மற்றதையெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். மறுநாளிலிருந்து அம்மா சாயங்காலம் விளக்கேற்றி முடித்ததும் பக்கத்து வீட்டுக்கு நாடகம் பார்க்கக் கிளம்பிவிட்டார். இரண்டு வாரம் இப்படியே போனது. நானோ அவசரத்தில் ஐந்து ஆப்களுக்குச் சந்தா கட்டினேன். மூன்றாம் மாதம் வங்கிக் கணக்கைப் பார்த்தால், பழைய பில்லைவிடப் பன்னிரண்டு வெள்ளி (ரிங்கிட்) அதிகம். தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு மறுபடியும் கிண்ணத்துக்கே போனேன். இரண்டாம் முறை வரிசையை மாற்றியதும் நடந்தது. நிறுத்துவது கிட்டத்தட்டக் கடைசி வேலை. அதனால் கீழே உள்ள வரிசையைத் தயவுசெய்து மாற்றாதீர்கள்.

முதல் படி: ஒரு வாரம் வேவு பார்ப்பது

டிவிக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூட நோட்டும் பேனாவும் வையுங்கள். யார், எத்தனை மணிக்கு, எதைப் பார்த்தார்கள் என்று ஒரு வாரம் குறித்தால் போதும். யாரையும் எழுதச் சொல்லாதீர்கள், நீங்களே குறித்துக்கொள்ளுங்கள். எழுதச் சொன்னால் எல்லோரும் செய்தி பார்த்ததாகத்தான் எழுதுவார்கள்.

எங்கள் வீட்டுக் கணக்கு வெட்கக்கேடாக இருந்தது. மாதம் 140 வெள்ளிக்கு அத்தனை அலைவரிசைகள், பார்த்தது ஆறே ஆறு. அப்பாவுக்கு டிவி2-இன் தமிழ்ச் செய்தியும் பழைய படங்களும். அம்மாவுக்கு இரண்டு நாடகம். பிள்ளைகள் கிண்ணத்தைத் தொடவே இல்லை, கைப்பேசியில் யூடியூப்தான். நானும் மனைவியும் சனிக்கிழமை இரவு ஏதாவது ஒரு தொடர்.

நோட்டில் இன்னொரு விஷயமும் தெரிந்தது. அம்மா 'பார்க்கும்' நேரம் ஒரு மணி நேரம். டிவி 'ஓடும்' நேரம் ஆறு மணி நேரம். வெங்காயம் உரிக்கும்போதும், துணி மடிக்கும்போதும், வீட்டில் ஆள் இருப்பதுபோல் ஒரு தமிழ்ச் சத்தம் அவருக்கு வேண்டும். நாற்பது வருடம் கித்தாக் காட்டில் (ரப்பர் தோட்டத்தில்) தனியாக நின்று பால் மரம் வெட்டியவருக்கு வீடு நிசப்தமாக இருந்தால் பிடிப்பதில்லை. இதைக் கவனிக்காமல் விட்டால் எந்த ஆப்பும் உதவாது. ஆப்பில் ஒவ்வொன்றையும் தேடி எடுத்துப் போட வேண்டும், தானாக ஓடாது. இதற்கு எங்கள் விடை மின்னல் எஃப்எம் தமிழ் வானொலி. சமையலறையில் சின்ன ரேடியோ வைத்தோம். டிவி ஓடிய ஆறு மணி நேரத்தில் நாலு மணி நேரத்தை அது எடுத்துக்கொண்டது.

உங்கள் வீட்டு நோட்டில் இங்கிலீஷ் பிரீமியர் லீக் வாரம் மூன்று தடவை வந்திருந்தால் யோசித்துக்கொள்ளுங்கள். பந்து பைத்தியம் இருக்கும் வீட்டில் இந்தக் கணக்கு வேறு மாதிரி போகும்.

இரண்டாம் படி: இணையம் தாங்குமா?

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைப் படிக்க நேரமிருந்தால் இதைப் படியுங்கள். நம்மைப் போன்ற ஊர்களில் காரியம் கெடுவது இங்கேதான்.

எவ்வளவு வேகம் வேண்டும்? நெட்ஃபிளிக்ஸ் சொல்லும் அளவு, சாதாரண எச்டிக்கு 3 எம்பிபிஎஸ், முழு எச்டிக்கு 5, 4கே படத்துக்கு 15. பெரிய எண்கள் இல்லை. விளம்பரத்தில் வரும் 300, 500 எல்லாம் நாலைந்து பேர் ஒரே நேரத்தில் பார்க்கும் வீட்டுக்கு. நாம் கவலைப்பட வேண்டியது அந்த 5 ராத்திரி ஒன்பது மணிக்கும் கிடைக்கிறதா என்பதைப் பற்றித்தான்.

டவுனை ஒட்டிய தாமான்களில் ஃபைபர் கம்பி வந்துவிட்டால் பிரச்சினை பெரும்பாலும் முடிந்தது. முகவரியைக் கொடுத்து இணைப்பு உண்டா என்று பார்த்துக்கொள்ளலாம். ஆனால் 'உண்டு' என்று திரை காட்டுவதும் ஆள் வந்து கம்பி இழுப்பதும் வேறு வேறு. எங்களுக்கு ஒரு வாரத்தில் வருவதாகச் சொன்ன நிறுவனம் ஏழு வாரம் கழித்துத்தான் வந்தது. பழைய இணைப்பை அதுவரை விட்டுவிடாதீர்கள் என்று நான் சொல்வது அந்த ஏழு வாரத்தை அனுபவித்ததால்தான்.

தோட்டத்துக்குள்ளே இருக்கும் வீடுகளுக்கு ஃபைபர் கனவு. அங்கே சிம் போட்ட வயர்லெஸ் ரவுட்டர்தான் வழி. வாங்குமுன் இதைச் செய்யுங்கள். இரண்டு மூன்று நிறுவனங்களின் பிரிபெய்ட் சிம்மை வாங்கி, அல்லது யாரிடமாவது இரவல் வாங்கி, கைப்பேசியில் போட்டு, வீட்டுக்குள் உட்கார்ந்து வேகத்தைச் சோதியுங்கள். மத்தியானம் சோதித்துப் பயனில்லை. மத்தியானம் எல்லாரும் வேலையில் இருப்பார்கள், கைப்பேசிக் கோபுரம் காலியாக இருக்கும். ராத்திரி எட்டரைக்கும் பத்துக்கும் நடுவில், மூன்று நாள், அதில் ஒரு நாள் சனிக்கிழமையாக இருக்கட்டும். பழைய 3ஜி மோடம் அலமாரியில் கிடந்தால் எடுக்கவே வேண்டாம். 3ஜி சேவையை 2021 இறுதியோடு இந்நாட்டில் மூடிவிட்டார்கள்.

ரவுட்டரை வைக்கும் இடத்துக்கும் வேகத்துக்கும் பெரிய தொடர்பு உண்டு. தகரக் கூரை அலையைத் தடுக்கும். நடு ஹாலில் சாமிப் படத்துக்குக் கீழே வைத்தபோது எனக்கு 4 எம்பிபிஎஸ்தான் வந்தது. கோபுரம் இருக்கும் திசையில் நாக்கோ சன்னல் (கண்ணாடிப் பட்டைச் சன்னல்) ஓரமாக மாற்றியதும் 17. ஒரு காசு செலவில்லை.

அப்புறம் கோட்டா. 'அளவில்லாத இணையம்' என்று போட்டிருக்கும் பிரிபெய்ட் திட்டங்களில், கைப்பேசியில் பார்க்கத்தான் அளவில்லை. ஹாட்ஸ்பாட் போட்டு டிவிக்கு அனுப்பத் தனி ஜிபி கணக்கு வைத்திருப்பார்கள். சின்ன எழுத்தைப் படியுங்கள். எச்டியில் பார்த்தால் மணிக்கு 3 ஜிபி வரை போகும், சாதாரணத் தரத்தில் சுமார் 1 ஜிபி. ஆக, 100 ஜிபி திட்டத்தில் எச்டியில் 33 மணி நேரம்தான். அதையே தரத்தைக் குறைத்து வைத்தால் 100 மணி நேரம். 32 அங்குல டிவியில் நாடகம் பார்க்க எச்டி தேவையே இல்லை. மாமியார் கண்ணீர் சாதாரணத் தரத்திலும் தெளிவாகத்தான் தெரியும்.

இணையமே இல்லாத வீடு, இனிமேல்தான் போட வேண்டும் என்றால், இந்த மாற்றத்தில் உங்களுக்குப் பணம் மிச்சமாகாது. பிள்ளைகளின் பள்ளிக்கூட வேலைக்காக ஏற்கெனவே இணையம் இருக்கும் வீட்டுக்குத்தான் லாபம்.

மூன்றாம் படி: இலவசமாக வருவதை முதலில் பிடிப்பது

சந்தா கட்டுவதற்கு முன்னால் சும்மா கிடைப்பதை எல்லாம் வீட்டுக்குள் கொண்டுவந்துவிடுங்கள். 2019-இல் நாடு முழுவதும் அனலாக் ஒளிபரப்பை நிறுத்தி டிஜிட்டலுக்கு மாற்றினார்கள். மைடிவி என்பது அதுதான். அரசாங்கத்தின் ஆர்டிஎம் அலைவரிசைகள், டிவி3 எல்லாம் மாதக் கட்டணமே இல்லாமல் வரும். கொஞ்சம் புது டிவியாக இருந்தால் உள்ளேயே டிவிபி-டி2 வசதி இருக்கும், ஏரியலை நேராகச் செருகலாம். பழைய டிவி என்றால் டிகோடர் பெட்டி ஒன்று வேண்டும்.

ஏரியல் யுஎச்எஃப் ஆக இருக்க வேண்டும். அப்பா காலத்தில் டிவி1, டிவி2-க்காகக் கூரையில் ஏற்றிய நீளக் கம்பி ஏரியல் இதற்கு ஒத்துவராது. கடையில் சின்ன உள்ளறை ஏரியலைக் காட்டி 'இது போதும் அண்ணே' என்பார்கள். டவுன் கடைக்குள் அது போதும், தோட்டத்தில் போதாது. 1917-இல் இந்த நாட்டிலேயே முதன்முதலாக வியாபாரத்துக்கென்று செம்பனை (எண்ணெய்ப் பனை) நட்டது எங்கள் ஊர்த் தென்னமரம் தோட்டத்தில்தான். பேரே தமிழ்ப் பேர். ஊருக்குப் பெருமைதான், ஆனால் ஏரியல் மாட்டுகிறவனுக்கு அந்தப் பனைகள் பெரிய தொல்லை. வீட்டைச் சுற்றி வளர்ந்து நிற்கும் மட்டைகள் அலையை மறைக்கும், மழையில் நனைந்த மட்டை இன்னும் மோசம். அதனால் வெளி ஏரியலை வாங்கி, இரும்புக் கம்பத்தில் கூரைக்கு மேலே ஏற்றி, மரவரிசைக்கு நடுவே சந்து தெரியும் பக்கமாகத் திருப்புங்கள். எந்தத் திசை என்று குழம்பினால், தெருவில் படம் நன்றாக வரும் வீட்டின் ஏரியல் எங்கே பார்க்கிறது என்று ஒரு நடை நடந்து பாருங்கள். ஒருவர் கூரைப் பக்கம், ஒருவர் டிவி முன்னால், நடுவில் ஒரு பையன் கத்துவதற்கு. எங்கள் வீட்டில் அரை மணி நேரத்தில் முடிந்தது.

வீட்டில் கிண்ணம் ஏற்கெனவே இருப்பதால் இன்னொரு வழியும் உண்டு. 2012-இல் தொடங்கிய என்ஜோய், ஒரு தடவை பெட்டி வாங்கினால் மாதச் சந்தா இல்லாமல் சில அலைவரிசைகளைத் தரும் சேவை. ஏரியலில் ஒன்றுமே வராத உள்தோட்டத்து வீட்டுக்கு நல்லது. ஆனால் மழைக்கு இதுவும் பணியும். இந்தக் கிண்ணங்கள் பிடிக்கும் அலை அவ்வளவு நுண்ணியது, கனமழையின் துளிகளே அதை விழுங்கிவிடும். பெட்டியை மாற்றுவதாலோ திட்டுவதாலோ இது சரியாகாது.

இணையத்தில் இலவசம் என்றால் ஆர்டிஎம் கிளிக். டிவி2-ஐ நேரலையாகவும் பார்க்கலாம், மின்னல் எஃப்எம்மும் கேட்கலாம். அப்பாவின் செய்தி இதோடு தீர்ந்தது.

நான்காம் படி: டிவியா, பெட்டியா?

ஸ்மார்ட் டிவி இருந்தால் அதிலேயே ஆப்கள் இருக்கும். பழைய டிவியாக இருந்தாலும் எச்டிஎம்ஐ துளை இருந்தால் தூக்கிப்போட வேண்டாம், ஆண்ட்ராய்டு டிவி பெட்டி ஒன்றைச் செருகலாம். வாங்கும்போது இரண்டு விஷயம் பாருங்கள். சிரிம் தரமுத்திரை இருக்க வேண்டும். நெட்ஃபிளிக்ஸ், பிரைம் ஆகியவற்றின் முறையான அங்கீகாரம் இருக்க வேண்டும். அங்கீகாரம் இல்லாத மலிவுப் பெட்டியில் ஆப் திறக்கும், படமும் வரும், ஆனால் தரம் 480-க்கு (சாதாரணத் தரத்துக்கு) மேல் ஏறாது. பெட்டி விற்கிறவர் இதைச் சொல்லமாட்டார்.

பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) 'ஒரு தடவை கட்டுங்க, உலகத்தில உள்ள எல்லா சேனலும் வாழ்நாள் முழுக்க' என்று கூவி விற்கும் பெட்டியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 2022-இல் திருத்திய பதிப்புரிமைச் சட்டத்தின்படி இப்படித் திருட்டு ஒளிபரப்புக்கு வழிசெய்து விற்பவருக்கு 10,000 முதல் 200,000 வெள்ளி வரை அபராதம், 20 வருடம் வரை சிறை. சட்டம் விற்பவரைக் குறிவைப்பதால் வாங்குபவருக்குப் பயமில்லை என்று கடைக்காரரே தைரியம் சொல்வார். சரி, சட்டத்தை விடுங்கள். பக்கத்து வீட்டு அக்கா வாங்கிய 'வாழ்நாள்' பெட்டியின் ஆயுள் ஐந்து மாதம். தீபாவளிக்கு மூன்று நாள் முன்னால் திரை கறுத்தது, விற்ற ஆளின் எண்ணும் அன்றே அணைந்தது.

ஐந்தாம் படி: ஒரு மாதம், ஒரு சந்தா

என் முதல் முயற்சி கவிழ்ந்தது இங்கேதான். எல்லாம் வேண்டும் என்று எல்லாவற்றுக்கும் கட்டினேன். ஒரே நேரத்தில் ஐந்து தொடர்களை யாரும் பார்ப்பதில்லை. வீட்டுக்கு ஒரு நிரந்தரச் சந்தா, அதோடு மாதத்துக்கு ஒரு விருந்தாளிச் சந்தா. இதற்கு மேல் போகாதீர்கள்.

நிரந்தரம் எது என்பதை அந்த நோட்டு முடிவு செய்யட்டும். அம்மாவின் நாடகங்கள் சன் டிவியில் வருபவை என்றால் சன் நெக்ஸ்ட், ஜீ தமிழில் வருபவை என்றால் ஜீ5. இதில் உங்கள் ரசனைக்கு இடமில்லை. வீட்டில் அதிக நேரம் டிவி முன்னால் இருப்பவரின் ரசனைதான் கணக்கு. விருந்தாளி இடத்தில் ஒரு மாதம் நெட்ஃபிளிக்ஸ், அடுத்த மாதம் பிரைம் என்று சுற்றிவரலாம். பிரைமில் 2022-இல் வந்த 'சுழல்' முதல் பருவம் எட்டே பகுதி. ஜீ5-இல் அதே வருடம் வந்த 'விலங்கு' ஏழு பகுதி. ஒரு மாதச் சந்தாவுக்குள் தாராளமாகப் பார்த்து முடித்துவிட்டு வேறு இரண்டையும் பிடிக்கலாம்.

இதில் ஒரு தந்திரம் உண்டு. விருந்தாளிச் சந்தாவைக் கட்டிய அன்றைக்கே, அதே நிமிடத்தில், ரத்தும் செய்துவிடுங்கள். நெட்ஃபிளிக்ஸோ பிரைமோ உடனே கதவை மூடாது, கட்டிய மாதம் முடியும்வரை பார்க்கலாம். மாதக் கடைசியில் ரத்து செய்துகொள்ளலாம் என்று நினைப்பவர் மறப்பது நிச்சயம். தானாகப் புதுப்பிக்கும் சந்தாக்களின் பிழைப்பே நம் மறதிதான். எங்கள் வீட்டில் முடியும் தேதியைச் சுவரில் தொங்கும் தமிழ் நாள்காட்டியில், ராகுகாலத்துக்குப் பக்கத்திலேயே எழுதிவைக்கிறோம்.

விலையை நான் இங்கே எழுதவில்லை, நீங்கள் படிக்கும்போது மாறியிருக்கும். கணக்குப் போடும்போது சேவை வரி 8 விழுக்காட்டை மறக்காதீர்கள். 2020-இல் இணையச் சேவைகளுக்கு 6 விழுக்காடாகத் தொடங்கியது, 2024 மார்ச்சில் 8 ஆனது. வெளியூரில் ஹாஸ்டலில் இருக்கும் மகனோடு நெட்ஃபிளிக்ஸ் கணக்கைப் பகிரலாம் என்ற திட்டமும் இப்போது சரிவராது. 2023 முதல் ஒரு கணக்கு ஒரே வீட்டுக்குத்தான் என்று கறாராகிவிட்டார்கள்.

ஆறாம் படி: ரிமோட்டை அம்மாவிடம் கொடுப்பது

இது தொழில்நுட்ப வேலை இல்லை, ஆனால் மற்ற எல்லாப் படிகளையும் விட அதிக நாள் எடுத்தது. கிண்ணத்தில் அம்மாவுக்குத் தெரிந்தது மூன்று எண்கள். 201 அழுத்தினால் ஆஸ்ட்ரோவின் தமிழ் அலைவரிசை வானவில். அவ்வளவுதான். புது ரிமோட்டில் எண்ணே இல்லை. அம்பு, வட்டம், வீடு, திரும்பு.

முதல் நாள் ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு, 'இதுல 201 எங்கடா?' என்றார். 'இதுல 201 கிடையாதும்மா, நாமதான் தேடணும்.' 'நான் எதுக்குடா தேடணும், எட்டு மணிக்கு அவன்தானே போடணும்?' நியாயமான கேள்வி. அவருடைய உலகத்தில் நாடகம் என்பது நேரம். அதை ஒரு பொருளாக, அலமாரியில் எப்போதும் இருக்கும் டப்பாவாக நினைத்துப் பார்க்க அவருக்கு மூன்று வாரம் பிடித்தது.

பலித்தவற்றைச் சொல்கிறேன். மகளின் நகப்பூச்சை எடுத்து, வீடு பொத்தானில் சிவப்பு, நடு வட்டத்தில் பச்சை, திரும்பும் பொத்தானில் மஞ்சள் பொட்டு வைத்தோம். 'சிவப்பு, பச்சை, பச்சை' என்றால் நாடகம் ஓடும் என்ற அளவுக்கு முகப்புத் திரையில் அவருடைய ஆப்பை முதலாவதாக நகர்த்தி வைத்தோம். வேண்டாத ஆப்களை எல்லாம் நீக்கினோம். எங்கேயாவது மாட்டிக்கொண்டால் மஞ்சளை அழுத்திக்கொண்டே இருக்கச் சொன்னோம். மைக் பொத்தானைக் காட்டியதுதான் பெரிய திருப்பம். நாடகத்தின் பெயரைத் தமிழில் சொன்னால் யூடியூப் எடுத்துக் கொடுக்கிறது. மெதுவாக, செய்தி வாசிப்பவர்போலச் சொன்னால் இன்னும் சரியாகப் பிடிக்கும். அம்மா இப்போது ரிமோட்டிடம் மட்டும்தான் இலக்கணத் தமிழ் பேசுகிறார்.

இன்னொன்றையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இந்தியா நமக்கு இரண்டரை மணி நேரம் பின்னால். அங்கே ராத்திரி ஒன்பது மணி நாடகம் என்றால் இங்கே பதினொன்றரை. அதனால் ஆப்பில் இன்றைய பகுதியை இன்றே பார்க்க நினைத்தால் தூக்கம் கெடும். நேற்றைய பகுதியை இன்று சாயங்காலத் தேநீரோடு பார்ப்பது என்று பழக்கிவிட்டால் சண்டையில்லை. தமிழ்நாட்டு அத்தை போனில் கதையைச் சொல்லிவிடும் ஆபத்து மட்டும் இருக்கிறது.

ஏழாம் படி: இப்போது நிறுத்தலாம்

கிண்ணத்துக்குக் காசு கட்டிக்கொண்டே புது ஏற்பாட்டில் ஒரு முழு மாதம் ஓட்டிப் பாருங்கள். அந்த மாதத்தில் யாரும் பழைய ரிமோட்டைத் தேடவில்லை என்றால் நிறுத்தும் நேரம் வந்துவிட்டது. ஒப்பந்தம் எப்போது முடிகிறது என்று முதலில் கேளுங்கள். நடுவில் நிறுத்தினால் அபராதம் இருக்கலாம். நான் தேதியைப் பார்க்காமல் முதல் தடவை அதையும் கட்டினேன், தப்பு என்னுடையதுதான். பெட்டியைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமா என்று கேளுங்கள், கொடுத்தால் ரசீது வாங்குங்கள். நிறுத்திய எண்ணையும் தேதியையும் எழுதி வையுங்கள். விலையைக் குறைத்துத் தருவதாகப் பேச்சு வரும். அது உங்களுக்குக் கட்டுப்படியானால் ஏற்றுக்கொள்வதில் வெட்கம் ஒன்றுமில்லை. மலேசியத் தமிழ் நாடகங்களை விரும்பிப் பார்க்கும் வீடு என்றால் இந்த இடத்தில் இன்னொரு தரம் யோசியுங்கள். நம் ஊர் முகங்களும் நம் ஊர்ப் பேச்சும் வானவில், விண்மீன் பக்கம்தான் அதிகம். நான் நிறுத்தியதில் உண்மையாகவே இழந்தது அது ஒன்றைத்தான்.

எட்டாம் படி: மொத்தமாகப் பார்ப்பதற்கும் ஒரு முறை உண்டு

இதற்காகத்தானே இத்தனை பாடும். தொடரை மொத்தமாகப் பார்ப்பதில் இரண்டு வகை. எட்டுப் பகுதித் தொடர் ஒரு சனிக்கிழமைச் சமாச்சாரம். பழைய மெகா நாடகம் வேறு. 2003-இல் தொடங்கிய 'கோலங்கள்' 1,500 பகுதிக்கும் மேல். பகுதிக்கு இருபது நிமிடம் என்றாலே 500 மணி நேரம். தினம் இரண்டு மணி நேரம் பார்த்தாலும் எட்டு மாதத்துக்கு மேல் ஆகும். இப்படி ஒன்றைத் தொடங்கும் முன் வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பேசிக்கொள்வது நல்லது.

மெகா நாடகத்தில் பாதி நேரம் காற்று. முதல் இரண்டு நிமிடம் தலைப்புப் பாட்டு, அடுத்த இரண்டு நிமிடம் நேற்று நடந்தது, நடுவில் ஒவ்வொரு முகத்துக்கும் மூன்று தடவை இடிச் சத்தம். பத்து வினாடித் தாவல் பொத்தானை விரல் நுனியில் வைத்திருங்கள். யூடியூபில் வேகத்தை 1.25 ஆக்கினால் வசனம் கெடாது. 1.5-க்குப் போனால் அழுகை சிரிப்புபோல் கேட்கிறது.

தானாக அடுத்த பகுதி ஓடும் வசதியை அமைப்பில் போய் அணையுங்கள். இது இருக்கும்வரை 'இன்னும் ஒன்றே ஒன்று' முடியவே முடியாது. எங்கே நிறுத்துவது என்பதற்கும் ஒரு வழி உண்டு, மனைவி கண்டுபிடித்தது. பகுதியின் முடிவில் நிறுத்தாதீர்கள். அங்கேதான் கதாசிரியர் கத்தியைத் தூக்கிக்கொண்டு நிற்பார், தூக்கம் வராது. அடுத்த பகுதியைப் போட்டு, கத்தி யார் மேலும் விழவில்லை என்று தெரிந்த பிறகு, பத்தாவது நிமிடத்தில் சப்பென்று இருக்கும்போது அணையுங்கள். நிம்மதியாகத் தூங்கலாம்.

காலை ஐந்தரைக்குப் பெரட்டுக்கு (தோட்டத்து ஆள் கணக்கெடுப்புக்கு) நிற்க வேண்டியவர், ஆலையில் காலை ஷிஃப்ட் போகிறவர் வேலை நாளில் தொடரைத் தொடங்கக் கூடாது. கொதிகலன் பக்கத்தில் தூக்கக் கலக்கத்தோடு நின்ற ஒரு காலை எனக்குப் போதும். சனிக்கிழமை ராத்திரி எட்டு மணிக்குத் தொடங்குங்கள். முறுக்கு, தே ஓ (பாலில்லாத் தேநீர்) ஒரு ஜாடி, பாய் விரித்தால் இன்னும் நல்லது. வேகம் குறைவான வீடுகளில் கைப்பேசி ஆப்பில் விடியற்காலை நாலரை மணிக்கே பகுதிகளைப் பதிவிறக்கி வைத்துக்கொள்ளலாம், அந்த நேரத்தில் கோபுரம் காலி. பிள்ளைகளுக்குத் தமிழ் புரியும், வேகமான வட்டார வசனம் தப்பிவிடும் என்றால் மலாய் வசன வரிகளைப் போட்டுவிடுங்கள். அதோடு ஒரு குடும்ப ஒப்பந்தமும் வேண்டும். சேர்ந்து பார்க்கும் தொடரை யாரும் தனியாக முன்னால் போய்ப் பார்க்கக் கூடாது. எங்கள் வீட்டில் இதை மீறியது ஒரே ஆள்தான். 'விலங்கு' ஆறாம் பகுதியில் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தபோது, இருட்டில் அம்மா வெற்றிலையை மடித்துக்கொண்டே, 'அவன் இல்லைடா, பாத்துக்கிட்டே இரு' என்றார். நாங்கள் வேலைக்குப் போன நேரத்தில் சிவப்பு, பச்சை, பச்சை.

கடைசியாக, இடி. கிண்ணத்துக்கு மழை பகை என்றால் நம் புது ஏற்பாட்டுக்கு இடிதான் பகை. சாயங்காலம் நாலு மணிக்குச் செம்பனைக்குப் பின்னால் வானம் கறுத்தால், டிவி பிளக், ரவுட்டர் பிளக், ஏரியல் ஒயர் மூன்றையும் சுவரிலிருந்து பிடுங்குங்கள். சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது. எங்கள் முதல் ரவுட்டர் போனது அப்படித்தான்.